பரணிலும் சாக்கிலும் கிடந்த புல்லட் 350 எஞ்சின்: எங்கிருந்து பூட்டத் தொடங்குவது?

கேள்வி: காசிமேடு 350

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1974-இல் வாங்கிய புல்லட் 350 வண்டியின் எஞ்சினை, 2001-இல் அவரே எங்கள் வீட்டு முன்கூடத்தில் முழுவதுமாகப் பிரித்தார். வண்டி ஓடும்போது அடிப்பக்கத்திலிருந்து கனமாகத் தட்டும் ஒலி வருகிறது, பிக் எண்டை (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் பெரிய முனையை) பார்த்தாக வேண்டும் என்று அப்போது அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டே அவருக்கு உடல்நலம் குன்றியதால் எஞ்சின் மீண்டும் பூட்டப்படவில்லை. அதை நானே பூட்டி ஓட்ட வேண்டும் என்பது என் விருப்பம். பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். கருவிகளைக் கையாளத் தெரியும், ஆனால் எஞ்சின் எதையும் இதுவரை முழுவதுமாகப் பிரித்துப் பூட்டியதில்லை.

பாகங்கள் இப்போது இருக்கும் நிலையைச் சொல்கிறேன். ஃப்ளைவீலும் கனெக்டிங் ராடும் கழற்றப்படாமல் ஒன்றாகவே, கிரீஸ் பூசி எண்ணெய்த் துணி சுற்றப்பட்டுப் பரணில் இருந்தன. அவற்றில் துரு இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் வார்ப்பிரும்பு பேரலைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். தாள் ஈரத்தை இழுத்திருக்க வேண்டும், ஏனென்றால் உட்சுவரில் ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறியிருக்கிறது. கிராங்கைத் தாங்கும் அலுமினியக் கூடான சேம்பரின் இரண்டு பாதிகளும் மாடிப்படிக்குக் கீழே சாக்கில் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. சாக்கு முழுதாக நனைந்துவிட்டது. இப்போது அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது, உள்ளே இருக்கும் மெயின் பேரிங்குகள் கையால் சுற்றினால் கரகரக்கின்றன. சிறு பாகங்கள் மூன்று பிஸ்கட் டின்களில் இருக்கின்றன. இரண்டின் மேல் 'டைமிங் சைடு', 'ஹெட்' என்று அப்பா எழுதியிருக்கிறார். மூன்றாவதில் எழுத்து எதுவும் இல்லை.

காட்டிய பட்டறையில், இதையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு முழு எஞ்சினாக வேறொன்று வாங்கிப் பொருத்துங்கள் என்றார்கள். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்த வரிசையில் பூட்ட வேண்டும், எவற்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும், அந்தத் தட்டும் ஒலிக்குக் காரணத்தைப் பூட்டும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பவைதான் என் கேள்விகள். இன்னொரு சிக்கலும் உண்டு: சில நட்டுகளுக்கு என்னிடம் உள்ள மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் சரியாகப் பிடிக்கவில்லை. ஒன்று தொளதொளக்கிறது, அடுத்தது நுழையவே மறுக்கிறது.

மறுமொழி: பழைய ஃபிட்டர், திருவொற்றியூர்

அம்மா, எடைக்குப் போட வேண்டிய எஞ்சின் அல்ல இது. கிராங்க், அதாவது ஃப்ளைவீலும் ராடும் சேர்ந்த அந்தக் கட்டு, பரணில் உலர்ந்து இருந்தது பெரிய கொடுப்பினை. கிராங்க் தண்ணீரில் கிடந்து சேம்பர் பரணில் இருந்திருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும்.

ஸ்பேனர் சிக்கலை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் பொருந்தாத ஸ்பேனரால் நட்டின் மூலைகளை உருட்டிவிட்டால் பிறகு எந்த வேலையும் நகராது. 1955-இல் இந்த வண்டியை இங்கே செய்யத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து பாகங்களாக வந்தவற்றைத்தான் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் இங்கே வந்து, திருவொற்றியூரிலேயே முழு வண்டியும் உருவாயிற்று. அளவுகள் ஆங்கிலேயருடையவை என்பதால் உங்கள் வண்டியின் காலத்து மரைகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் மரைகள். அவற்றுக்கு விட்வொர்த் ஸ்பேனர்கள் வேண்டும். அந்த ஸ்பேனரின் மேல் பொறித்திருக்கும் எண் நட்டின் தலை அகலத்தைக் குறிப்பதன்று, உள்ளே போகும் போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது. ஆகவே எண்ணைப் பார்க்காமல் நட்டில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பாரிமுனைக் கருவிக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் பழைய செட்டுகள் கிடைக்கும். மில்லிமீட்டர் போல்ட்டைப் பிரிட்டிஷ் மரையில் வலிந்து ஏற்றிவிடாதீர்கள். இரண்டு சுற்று இனிதாகப் போகும், மூன்றாவது சுற்றில் அலுமினிய மரையைச் சுருள் சுருளாக அறுத்துக்கொண்டு வரும்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். பாகங்களை எந்த வரிசையில் பூட்டுவது என்று கேட்டீர்கள். நான் எந்த எஞ்சினைக் கையில் எடுத்தாலும் எண்ணெய் போகும் வழியைத்தான் முதலில் தொடர்ந்து பார்ப்பேன், பூட்டும் வரிசை அதிலிருந்து தானே வந்துவிடும். இந்த எஞ்சினில் எண்ணெய்த் தொட்டி சேம்பரோடு சேர்ந்த ஓர் அறைதான். கேம் சக்கரங்களை மூடும் டைமிங் கவருக்குள் ஒரே தண்டில் இரண்டு பம்புகள் இருக்கின்றன. ஒன்று தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து ஃபில்டர் வழியாகக் கிராங்கின் முனைக்குள் தள்ளுகிறது. அது தண்டின் உள்துளை வழியே போய், கிராங்க் பின்னுக்குள் ஏறி, பிக் எண்டை நனைத்துக் கீழே சொட்டுகிறது. மற்றொரு பம்பு கீழே தேங்கிய எண்ணெயை உறிஞ்சி, அதில் ஒரு பகுதியை ஹெட்டில் வால்வுகளை அழுத்தும் ராக்கர்களுக்கும் அனுப்பி, தொட்டிக்குத் திருப்புகிறது. இந்த வழியில் எங்கே அடைப்பு இருந்தாலும் எஞ்சின் பத்து நிமிடம் அழகாக ஓடிவிட்டு அதன் பிறகு இறுகிவிடும்.

ஆகவே இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியை எடுத்துவிட்டு, முனையில் சிறிய ரப்பர் குழாய் மாட்டி, கிராங்கின் டைமிங் பக்கத்து முனையிலுள்ள துளைக்குள் எண்ணெயை மெல்ல அழுத்துங்கள். பிக் எண்டின் இரு ஓரங்களிலும் எண்ணெய் கசிந்து வெளிவர வேண்டும். வராவிட்டால் உங்கள் அப்பா கேட்ட ஒலியின் காரணம் அங்கேதான் இருக்கிறது. கூடவே ராடைச் செங்குத்தாகப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று ஆடலாம், அது இருக்க வேண்டியதுதான்; மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது.

டைமிங் பக்கத்துக் கிராங்க் முனையில் பம்பைச் சுற்றும் வார்ம் நட்டு இன்னும் இருந்தால் அதற்கு இடமரை என்பதை மறந்துவிடாதீர்கள். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கமான திசையில் பலங்கொண்டு திருப்பி முனையை முறித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: லேத்துப் பட்டறை, வியாசர்பாடி

பெரியவர் சொன்னது சரியான தொடக்கம். பேரலைப் பற்றி நான் சொல்கிறேன், அது என் வேலை.

உட்சுவர் பழுப்பேறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். துருக்கறை என்பது வேறு, துரு தின்ற குழி என்பது வேறு. மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய ஸ்காட்ச் பட்டையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் கறைதான், ஹோனிங் (கல்லால் உட்சுவரை மெல்லத் தேய்ப்பது) போதும். எங்காவது நகம் தட்டினால் அது குழி. அதன் மேல் ரிங் போகும்போதெல்லாம் எரிவாயு கீழே இறங்கும், எண்ணெய் மேலே ஏறும். குழி என்றால் போரிங்தான், அதாவது துளையையே பெரிதாகக் கடைய வேண்டும். குழியை ஹோன் கல்லால் தேய்த்தே போக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழி மறையும்போது அந்த இடத்தில் மட்டும் பேரல் வயிறு வைத்திருக்கும்.

புதிய பேரலின் துளை 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ.; 346 சி.சி. என்ற கணக்கு அப்படித்தான் வருகிறது. உங்கள் பிஸ்டனின் தலையில் எண் ஏதாவது பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 020 என்று இருந்தால் ஏற்கெனவே இருபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஏறக்குறைய 0.50 மி.மீ., பெரிதாக்கப்பட்ட பேரல் அது. தேய்மானத்தை வெர்னியரால் அளக்க முடியாது, போர் கேஜ் வேண்டும். மேலே, நடுவில், கீழே என மூன்று மட்டத்திலும், ஒவ்வொரு மட்டத்திலும் முன்பின்னாகவும் இடம்வலமாகவும் அளக்க வேண்டும். மேல் ரிங் திரும்பும் இடத்தில் முன்பின் திசையில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும்.

ஒரு வேண்டுகோள்: புதிய பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொண்டு அதன் பிறகே பேரலைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பி முன்னதாகவே போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. பிஸ்டனின் பாவாடையை (கீழ்ப்பகுதியை) மைக்ரோமீட்டரில் அளந்து, அதைச் செய்தவர் கேட்கும் இடைவெளியைச் சேர்த்து, அந்த அளவுக்குத்தான் நாங்கள் பேரலைத் திறப்போம். ரிங்குகளைப் பிஸ்டனில் மாட்டும் முன் ஒவ்வொன்றாகப் பேரலுக்குள் வைத்து, பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இந்த அளவுப் பேரலுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கலாம். வாய் முட்டிக்கொண்டால் மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும் நேராகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

போரிங் முடிந்து வந்த பேரலைப் பெட்ரோலால் கழுவி வைத்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. ஹோன் கல்லின் தூள் கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும், பெட்ரோல் அதை இளக்காது. வெந்நீரும் துணி சோப்பும் தூரிகையும் வைத்துத் தேய்த்து, வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். கழுவி முடித்த மறுநிமிடமே எண்ணெய் பூசிவிடுங்கள். காசிமேட்டுக் காற்றில் ஈர வார்ப்பிரும்பு கண் முன்னாலேயே செம்மஞ்சளாக மாறும். தேநீர் குடித்துவிட்டு வந்து பூசலாம் என்று விட முடியாது.

தொடர்ச்சி: காசிமேடு 350

இருவருக்கும் என் நன்றி. ஐயா சொன்னபடி செய்தேன். சிரிஞ்சை எவ்வளவு அழுத்தியும் எண்ணெய் போகவில்லை, குழாய்தான் பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் டீசலில் ஊறவிட்டு மெல்லிய செப்புக் கம்பியை உள்ளே செலுத்தினேன். கம்பியின் நுனியில் மை போலக் கறுத்த, விரலில் தேய்த்தால் நறநறக்கும் பிசின் வந்தது. அதன் பிறகு அழுத்தினால் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் சொட்டுகிறது. ராடை மேலும் கீழும் இழுத்தால் மிக மெல்லிய 'டக்' ஒலி ஒன்று கேட்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிகிறது. வார்ம் நட்டு இன்னும் முனையில்தான் இருந்தது. எச்சரிக்கையைப் படித்திருக்காவிட்டால் நான் அதை நிச்சயம் தவறான திசையில் திருப்பியிருப்பேன்.

பேரலில் பழுப்பின் பெரும் பகுதி கறைதான். ஆனால் மேலிருந்து மூன்று விரல் கீழே ஓரிடத்தில் நகம் தட்டுகிறது. பிஸ்டன் தலையில் 020 என்றே இருக்கிறது.

கிராங்கைப் பிரித்தே ஆக வேண்டுமா? பிரித்தால், பழைய ஃப்ளோட்டிங் புஷ்ஷுக்குப் பதிலாக ரோலர் போட்டுக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். எது நல்லது?

மறுமொழி: பழைய ஃபிட்டர், திருவொற்றியூர்

பிரித்தே ஆக வேண்டும், அம்மா. ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் சொட்டுகிறது என்றால் உள்ளே இன்னும் பாதி அடைப்பு இருக்கிறது என்று பொருள். ஃப்ளைவீல் சுற்றும்போது எண்ணெயில் இருக்கும் கனமான தூசியெல்லாம் வெளிப்பக்கமாக எறியப்பட்டுக் கிராங்க் பின்னின் துளைச் சுவரில் படியும். ஆண்டுக்கணக்கில் படிந்தது, வண்டி நின்றுபோன பிறகு காய்ந்து கல்லாகிவிட்டது. டீசலில் ஊறவைத்து அதை முழுவதும் எடுக்க முடியாது. தட்டும் ஒலியின் காரணமும் இதுதான். எண்ணெய் குறைந்தது, புஷ் தேய்ந்தது, ராட் தட்டத் தொடங்கியது. உங்கள் அப்பா ஒலியைக் கேட்டதும் ஓட்டுவதை நிறுத்தினார் பாருங்கள், அதனால்தான் ராட் இன்னும் முழுதாக இருக்கிறது.

புஷ்ஷா ரோலரா என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன். ஃப்ளோட்டிங் புஷ் பின்னோடும் ஒட்டாமல் ராடோடும் ஒட்டாமல் இரண்டுக்கும் நடுவே மிதந்து சுற்றுவது. உள்ளேயும் வெளியேயும் எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை அதற்குக் குறைவில்லை. எண்ணெய் நின்றால் ரோலரைவிட விரைவில் கெடும். நல்ல கைத்திறனுள்ள பட்டறையில் போட்ட ரோலர் நீண்ட நாள் உழைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ரோலருக்கு மாற்றக் கிராங்க் பின், ராடின் கண், கடினப்படுத்திய உறை என்று மூன்று இடத்தில் துல்லியம் வேண்டும், அந்தத் துல்லியம் எல்லாப் பட்டறையிலும் கிடைப்பதில்லை. சரியாகப் பொருத்திய புஷ், சரியாகச் செய்யாத ரோலரைவிட நூறு மடங்கு மேல். நீங்கள் இந்த வண்டியை மெதுவாக ஓட்டப்போகிறவர், எண்ணெய் வழியையும் சுத்தம் செய்யப்போகிறவர். புதிய பின்னும் புதிய புஷ்ஷும் போட்டுக்கொள்ளுங்கள்.

கிராங்கைத் திரும்பச் சேர்த்ததும் இரண்டு சென்டர்களுக்கு நடுவே வைத்து, இரு பக்கத் தண்டிலும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று முள்ளை நீங்களே பாருங்கள். என் கையில் இரண்டு தௌவுக்குள் வரும்வரை செம்புச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பேன். 'ஓடும்போது சரியாகிவிடும்' என்ற பதிலைக் கேட்டால் கிராங்கை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடுங்கள்.

சேம்பருக்கு வருகிறேன். வெள்ளைப் பொடியை நைலான் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு பாதிகளும் ஒட்டும் முகத்தில் எமரித் தாளைக் கையில் பிடித்துத் தேய்க்கவே கூடாது. விரல் அழுத்தும் இடமெல்லாம் பள்ளமாகும். தடித்த கண்ணாடியின் மேல் மெல்லிய எமரித் தாளை எண்ணெய் விட்டு ஒட்டி, சேம்பரை அதன் மேல் வைத்து எட்டு வடிவில் நாலைந்து முறை நகர்த்தினால் மேடுபள்ளம் கண்ணில் தெரியும். மெயின் பேரிங்குகள் அனைத்தையும் மாற்றுங்கள், ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். பழையதை எடுக்கவும் புதியதைப் போடவும் சேம்பரைச் சூடாக்க வேண்டும். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அதனால் 100 டிகிரிக்குப் பேரிங் தானே தளர்ந்துவிடும். வீட்டு அடுப்பில் தடித்த தோசைக்கல்லை வைத்து அதன் மேல் சேம்பரை வைத்துச் சிறுதீயில் சூடேற்றுங்கள். தெளித்த நீர்த்துளி சட்டென்று கொதித்து மறைந்தால் சூடு போதும். தீச்சுடரை நேராக ஓரிடத்தில் காட்டினால் வார்ப்பு கோணிவிடும். புதிய பேரிங்கை முந்தின இரவே பிளாஸ்டிக் உறையில் கட்டிக் குளிர்பெட்டியின் பனி அறையில் வைத்துவிடுங்கள். சுத்தியல் இல்லாமலே உள்ளே இறங்கும்.

சிலிக்கான் பசையைப் பற்றி ஒரு சொல். இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது பசை உள்ளே பிதுங்கினால், அந்தப் பிசிறு ஒருநாள் பிய்ந்து எண்ணெய்த் துளையின் வாயில் போய் உட்காரும். இத்தனை பாடுபட்டுத் திறந்த வழியை நாமே அடைத்ததாகிவிடும். தூரிகையால் பூசும் மெல்லிய கேஸ்கெட் பசை போதும், அதையும் ஒரு முகத்தில் மட்டும் பூசுங்கள்.

மறுமொழி: பெரம்பூர் பழைய வண்டி

டைமிங் பக்கத்தைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, அங்கேதான் நான் ஒருமுறை அடிபட்டேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் என் எஞ்சினை இதேபோல் பூட்டி, டைமிங் கவரை மூடி, மகிழ்ச்சியாக ஓட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் பிக் எண்ட் போயிற்று. காரணம் ஒரு சிறிய கார்க் வளையம். கவரிலிருந்து எண்ணெய் கிராங்க் முனைக்குள் நுழையும் இடத்தில், வார்ம் நட்டின் மூக்கைச் சுற்றி அணைத்துக்கொண்டிருப்பது அதுதான். காய்ந்து சுருங்கிய பழைய கார்க்கையே நான் திரும்பப் போட்டிருந்தேன். பம்பு நன்றாகவே வேலை செய்தது, ஆனால் எண்ணெய் முனைக்குள் போகாமல் பக்கவாட்டில் வழிந்து கீழே போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும் என்பதுதான் இதன் கொடுமை. புதிய வளையம் வாங்கி, ஒரு நாள் எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். டைமிங் கவரின் பேக்கிங் மிகத் தடிப்பாக இருந்தாலும் இதே கேடுதான், கார்க் மூக்கைப் போதுமான அளவு அழுத்தாது.

பம்பின் வட்டத் தட்டுகள் அவற்றின் இருக்கையில் சீராக உட்கார வேண்டும். துருப்புள்ளி இருந்தால் கண்ணாடியின் மேல் பிராஸோ தடவி, தட்டை விரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகும்வரை வேலை செய்யுங்கள். பிறகு அந்தப் பசையைத் தடம்கூட இல்லாமல் கழுவிவிடுங்கள்.

கேம் சக்கரங்களில் புள்ளிக் குறிகள் உண்டு, அவை ஒன்றோடொன்று நேர் வந்தால் வால்வு டைமிங் முடிந்தது. இக்னிஷன் டைமிங்கை ஹெட் போடும் முன்பே குறித்துக்கொள்வது எளிது, பிஸ்டன் கண்ணெதிரே இருக்கும்போது அளப்பதில் ஊகத்துக்கு இடமில்லை. பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை டயல் கேஜால் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கிச் சுற்றி 0.8 மி.மீ.-க்குச் சற்று அதிகமாகவே கீழே இறக்கி, பிறகு முன்னோக்கியே சுற்றி உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே உள்ள இடத்துக்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு கோடும் அதற்கு எதிரே சேம்பரில் ஒரு கோடும் கீறிவிடுங்கள். அட்வான்ஸ் (தீப்பொறியை முன்கூட்டியே விழச் செய்யும் அமைப்பு) முழுவதும் பின்வாங்கிய நிலையில் பாயின்ட் அந்தக் கோட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைத்துக்கொண்டு அதன் பிறகே டைமிங்கைத் தொடுங்கள், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும்.

டேப்பெட், அதாவது வால்வுக்கான புஷ்ராடின் இடைவெளியைப் பொறுத்தவரை, எஞ்சின் முழுவதும் குளிர்ந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்போது, புஷ்ராட் இரு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜுக்கு இங்கே வேலை இல்லை.

தொடர்ச்சி: காசிமேடு 350

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பேரலை 030 அளவுக்குத் திறந்தோம், குழி போய்விட்டது. கிராங்கில் புதிய பின்னும் புஷ்ஷும் போட்டாயிற்று. சென்டரில் சுற்றியபோது பட்டறையில் நானும் நின்றேன். முதலில் ஆறு தௌ காட்டிய முள், ஏழெட்டு முறை தட்டிய பிறகு ஒன்றரைக்குள் நின்றது. பழைய பின்னைக் குறுக்கே அறுத்துத் தரச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். உள்துளை பென்சில் ஈயம் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் படிந்த கரி, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அடுக்கடுக்காக இருக்கிறது. அதை என் மாணவர்களிடமும் காட்டினேன்.

எழுத்தில்லாத மூன்றாவது டின்னில் டைமிங் கவருக்கான புதிய பேக்கிங்கும், மெழுகுத் தாளில் சுற்றிய ஒரு கார்க் வளையமும் இருந்தன. அப்பா அப்போதே வாங்கி வைத்திருக்கிறார். கார்க் காய்ந்திருந்ததால் புதியது வாங்கித்தான் போட்டேன். பேக்கிங் நன்றாக இருந்தது, அதையே போட்டேன்.

இப்போது எஞ்சின் சட்டத்தில் ஏறிவிட்டது. தொட்டியில் 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றியிருக்கிறேன், இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. எண்ணெய் உள்ளே போகிறது என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது?

மறுமொழி: பழைய ஃபிட்டர், திருவொற்றியூர்

கேட்டீர்களே, அதுவே நல்லது. எஞ்சின் 12 சுற்றுச் சுற்றினால்தான் இந்தப் பம்பு ஒரு சுற்றுச் சுற்றும், அதோடு ஃபில்டர் அறை நிறையும்வரை பிக் எண்டுக்கு ஒரு துளியும் போகாது. ஆகவே ஃபில்டர் அறையைத் திறந்து கையாலேயே எண்ணெய் நிரப்புங்கள். டைமிங் அறைக்குள்ளும் சிறிது ஊற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நான்காம் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ராக்கருக்குப் போகும் குழாயின் பாஞ்சோ போல்ட்டை (எண்ணெய் போகத் துளையுள்ள போல்ட்டை) ஹெட் அருகே அரைச் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். அங்கே எண்ணெய் கசிந்தால், போன எண்ணெய் கீழே வந்து திரும்பவும் மேலே ஏறிவிட்டது என்று பொருள். அதுவரை பிளக்கை மாட்ட வேண்டாம்.

தொடர்ச்சி: காசிமேடு 350

சக்கரத்தை நானும் அம்மாவும் மாறி மாறிச் சுற்றினோம். கால்மணி நேரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. உலர்ந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாஷரின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு பளபளத்தது, அது திரண்டு துளியாகி ஃபின்னின் மேல் விழுந்தது. அடுத்த பத்துச் சுற்றுக்குள் நிற்காமல் கசியத் தொடங்கியது. போல்ட்டை இறுக்கிவிட்டு, பிளக்கை மாட்டி, டீகம்ப்ரஸரை (எஞ்சினின் அழுத்தத்தை விடுவிக்கும் பிடியை) அழுத்தி அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பிடித்து உதைத்தேன். ஒன்பதாவது உதையில் பிடித்தது. நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். தட்டும் ஒலி இல்லை. அம்மா வாசற்படியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

இனி நான் கவனிக்க வேண்டியவை எவை?

மறுமொழி: பழைய ஃபிட்டர், திருவொற்றியூர்

மிக்க மகிழ்ச்சி, அம்மா. இன்றிரவு எஞ்சின் ஆறட்டும். காலையில் தொட்டுப் பார்த்து முழுவதும் குளிர்ந்திருந்தால் மட்டும் ஹெட் நட்டுகள் அனைத்தையும் குறுக்குமறுக்காக ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, டேப்பெட்டை மறுபடியும் பாருங்கள், புதிய பேக்கிங் உட்கார்ந்ததில் இறுகியிருக்கும். முதல் 50 கி.மீ. ஓடியதும் எண்ணெயை முழுவதும் இறக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சாம்பல் பொடி இருந்தால் அது ரிங் உட்காரும் தூள், கவலை இல்லை. செம்பு நிறத்தில் மின்னினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.